மோட்டார் எரிந்துவிட்டதா? முதலில் கன்ட்ரோலரைப் பிடுங்கி வையுங்கள்

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “கப்பலில் வேலை பார்த்த என் அப்பா 1960-களில் இங்கிலாந்திலிருந்து வாங்கி வந்த ரயில் செட் பரணில் கிடந்தது. கறுப்பு நிற இன்ஜின். பக்கவாட்டில் 47606 என்று எண், அடியில் டிரை-ஆங் என்று எழுத்து. கூடவே இருந்த பழைய கன்ட்ரோலரில் இணைத்து சுவிட்சைப் போட்டேன். இன்ஜின் நகரவில்லை. ‘ம்ம்’ என்று முனகியது, சூடானது, ஒரு கெட்ட நாற்றமும் வந்தது. சோர் பஜார் பக்கம் பழைய சாமான் ரிப்பேர் செய்யும் ஒருவரிடம் காட்டினேன். மோட்டார் எரிந்துவிட்டது, ரீவைண்டிங் செய்ய 4,500 ரூபாய் ஆகும், வேண்டாமென்றால் 800 ரூபாய்க்குத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்? அதே பெட்டியில் நடுவில் மூன்றாவது தண்டவாளம் வைத்த சில துண்டுகளும் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்து ஓட்டலாமா?”

கொடுக்காதீர்கள். ரிப்பேருக்கும் வேண்டாம், விலைக்கும் வேண்டாம். இன்ஜினை ஒரு பழைய துண்டில் சுற்றி அலமாரியில் வையுங்கள். அந்தக் கன்ட்ரோலரின் பிளக்கைப் பிடுங்கி, வீட்டில் வேறு யாரும் ஆர்வக்கோளாறில் மறுபடி சொருகாத இடத்தில் போடுங்கள். அப்புறம் மேலே படியுங்கள்.

உங்களிடம் இருப்பது ‘ஜின்ட்டி’ என்று செல்லப்பெயர் பெற்ற இன்ஜினின் பொம்மை வடிவம். இங்கிலாந்தில் மார்கேட் என்ற கடற்கரை ஊரில் இருந்த டிரை-ஆங் தொழிற்சாலையில் ஏராளமாகச் செய்து தள்ளினார்கள். அதனால் ‘இது கிடைக்கவே கிடைக்காத பொருள் சார்’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடலாம். ஏராளமாகச் செய்ததில் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு. உள்ளே இருக்கும் எக்ஸ்04 என்ற மோட்டார் பல வருடங்கள் பல இன்ஜின்களில் போடப்பட்டது. அதற்கான பிரஷ், ஸ்பிரிங் எல்லாம் இன்றைக்கும் இங்கிலாந்தில் விற்பனைக்கு இருக்கின்றன. திருப்புளியும் கையுமாக உட்காரத் தெரிந்த யாரும் பழுது பார்க்கக்கூடிய மோட்டார்.

நீங்கள் சொன்ன அறிகுறிகளைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் இன்ஜின் மேல் இல்லை, கன்ட்ரோலர் மேல்தான். இந்த இன்ஜின் ஓடுவது 12 வோல்ட் டிசியில், அதாவது ஒரே திசையில் பாயும் மின்சாரத்தில். வீட்டுச் சுவரில் வருவது ஏசி, திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம். கன்ட்ரோலர் பெட்டிக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்கும். ரெக்டிஃபையர் ஏசியை டிசியாக மாற்றும். அந்தக் காலத்துப் பெட்டிகளில் இந்த ரெக்டிஃபையர் பெரும்பாலும் செலினியம் பூசிய உலோகத் தகடுகளை அடுக்கிச் செய்தது. செலினியம் தகடு சும்மா கிடந்தாலே வயதாகிக் கெடும். கெட்டால் ஏசியைத் தடுக்காமல் விட்டுவிடக்கூடும். ஏசி போனால் உள்ளே இருக்கும் காந்த மோட்டாருக்கு நொடிக்கு 50 தடவை முன்னால் தள்ளு, பின்னால் தள்ளு என்று உத்தரவு வருகிறது. அது எந்தப் பக்கமும் போகாது. நின்ற இடத்தில் முனகும், சூடாகும். நீங்கள் எழுதியிருப்பது அட்சரம் பிசகாமல் இதுதான்.

நாற்றம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், அதாவது ‘காயில்’, எரிந்தால் வார்னிஷ் கருகிய வாசனை, அதுவும் இன்ஜினிலிருந்து வரும். செலினியம் தகடு கருகினால் அழுகிய முட்டைகோஸ் போல வயிற்றைப் புரட்டும் நாற்றம், கன்ட்ரோலர் பெட்டியிலிருந்து வரும். அந்தப் புகை நச்சு. ‘இன்னொரு தடவை போட்டு மோந்து பார்க்கிறேன்’ என்று கிளம்பிவிடாதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் ரப்பர் வயர்களும் இத்தனை வருடத்தில் உதிரும் நிலைக்கு வந்திருக்கும். உலோகப் பெட்டியாக இருந்தால் 230 வோல்ட் உங்கள் கைக்கே வரலாம். அப்பா ஞாபகமாக வைத்துக்கொள்ளுங்கள், பிளக் வயரை மட்டும் வெட்டிவிடுங்கள்.

இன்ஜினைச் சோதிக்க ரிப்பேர்க்காரர் வேண்டாம், மூலைக் கடையில் கிடைக்கும் சதுர 9 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். இரண்டு துண்டு வயர். இன்ஜினைக் கையில் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஒரு வயரை இடப்பக்கச் சக்கரத்திலும் இன்னொன்றை வலப்பக்கச் சக்கரத்திலும் தொடுங்கள். ஒரு ஜோடிச் சக்கரத்தில் பேசாவிட்டால் அடுத்த ஜோடியில் தொட்டுப் பாருங்கள். பேட்டரி தருவது சுத்தமான டிசி. சக்கரம் சுற்றினால் கதை முடிந்தது, குற்றவாளி கன்ட்ரோலர்தான். சுற்றாமல் ஒரு துடிப்பு துடித்தால்கூட நல்ல செய்தி. காயிலுக்குள் மின்சாரம் போகிறது என்று அர்த்தம்.

துடிப்பதோடு நின்றுவிட்டது என்றால் பெரும்பாலும் காரணம் பழைய எண்ணெய். பல வருடம் ஆன எண்ணெய் பிசினாகிவிடும். இந்த இடத்தில் எல்லோரும் செய்யும் ஒரு காரியம் இருக்கிறது: சக்கரத்தை விரலால் பிடித்துத் திருகிப் பார்ப்பது. தயவுசெய்து வேண்டாம். மோட்டாரின் அச்சில் திருகு மாதிரி ஒரு பல் உருளை இருக்கிறது. அது சக்கரத்தின் பல்லைச் சுற்றும். மோட்டார் சக்கரத்தைச் சுற்றலாம், சக்கரம் மோட்டாரைச் சுற்ற முடியாது. பலம் கொடுத்தால் பல் உடையும், அப்புறம் நிஜமாகவே ரிப்பேர் வந்துவிடும். திருகைக் கழற்றி மேல் கூட்டை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மோட்டாரின் நடுவில் காயில் சுற்றிய பகுதி, ஆர்மேச்சர் என்பார்களே, அதை விரல் நுனியால் மெல்ல உருட்டுங்கள்.

ஆர்மேச்சரின் ஒரு முனையில் மூன்று செம்புத் துண்டுகளாக ஒரு வளையம் தெரியும். அதுதான் கம்யூட்டேட்டர். அதன் இருபுறமும் சிறு மிளகு அளவில் இரண்டு கார்பன் பிரஷ். அவற்றை அழுத்திப் பிடிக்க, கொண்டை ஊசி மாதிரி இரண்டு கை உள்ள ஒரே ஒரு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். வயர் வந்து சேரும் பக்கத்துக் கையில் மட்டும் ஒரு மெல்லிய குழாய் உறை மாட்டியிருக்கும். ஷார்ட் ஆகாமல் இருப்பதே அந்த உறையால்தான். கழற்றிச் சுத்தம் செய்து மாட்டும்போது உறை உள்ள கை மறுபக்கம் போய்விட்டாலோ, உறையே தொலைந்துவிட்டாலோ, இன்ஜின் செத்த மாதிரி கிடக்கும். அதனால் கழற்றும் முன்னால் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். உறை பொடிந்து போயிருந்தால் பழைய ஹெட்ஃபோன் வயரின் மேல்தோலை இரண்டு மில்லிமீட்டர் வெட்டி மாட்டலாம்.

சுத்தம் செய்ய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், லாமிங்டன் ரோட்டில் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். காது குடையும் பஞ்சில் நனைத்து கம்யூட்டேட்டரைத் துடையுங்கள். கறுப்பு போய்ச் செம்பு நிறம் தெரிய வேண்டும். துண்டுகளுக்கு நடுவே உள்ள மூன்று இடுக்குகளையும் பல் குத்தும் குச்சியால் சுரண்டுங்கள். அங்கே அடைத்த கார்பன் தூள்தான் பாதி இன்ஜின்களின் வியாதி. உப்புத்தாள் வேண்டாம். நகப் பாலிஷ் ரிமூவரும் தின்னரும் பக்கத்தில்கூட வரக் கூடாது, மேல் கூட்டின் பிளாஸ்டிக் இளகிவிடும். காய்ந்ததும் அச்சின் இரண்டு முனையிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, அதுவும் ஊசி முனையில் எடுத்து. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நம் வீடுகளில் கதவுக் கீலிலிருந்து சீலிங் ஃபேன் வரை எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. நான் திறந்து பார்க்கும் இன்ஜின்களில் பிசினாகிக் கிடப்பதும் பெரும்பாலும் அதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் துடிப்புகூட இல்லையென்றால், ரீவைண்டிங் பேச்சை எடுக்கும் முன் ஒரு மல்டிமீட்டரால் காயிலைப் பாருங்கள். பிரஷ்களைக் கழற்றிவிட்டு, கம்யூட்டேட்டரின் மூன்று துண்டுகளில் இரண்டிரண்டாக ஓம் அளவு எடுங்கள். மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். எந்தத் துண்டுக்கும் நடு அச்சுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. இரண்டும் சரி என்றால் காயில் எரியவில்லை. ரீவைண்டிங் என்று சொன்னவர் இந்தச் சோதனையைச் செய்தாரா என்று கேளுங்கள். மல்டிமீட்டரையே கையில் எடுக்காமல், மோந்து பார்த்து, ‘போச்சு’ என்று தலையாட்டியிருந்தால் அவர் பார்த்தது உங்கள் மோட்டாரை அல்ல, உங்களை.

இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம்தான். 4,500 சொல்லி, அடுத்த மூச்சில் 800-க்கு எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அதில் ரிப்பேர் நோக்கம் எதுவும் இல்லை. முதல் எண் உங்களைப் பயமுறுத்த, இரண்டாவது எண் உங்களை வாங்க. அந்த 4,500-க்கு இங்கிலாந்தில் ஓடும் நிலையில் உள்ள வேறொரு ஜின்ட்டியையே வாங்கிவிடலாம். வாங்கிப் போகும் இன்ஜினை அவர் என்ன செய்வார்? ஆல்கஹாலில் துடைத்து, கறுப்புப் பெயின்ட் பளபளவென்று அடித்து, ‘பிரிட்டிஷ் காலத்துப் பொருள்’ என்று ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைப்பார். 1950-களில் வந்த இன்ஜினுக்குப் பிரிட்டிஷ் காலமாம்! புதுப் பெயின்ட் அடித்தால் சேகரிப்பவர் பார்வையில் மதிப்பு கூடாது, குறையும். கீறலோடு இருக்கும் பழைய பெயின்ட்தான் விலை. உங்களிடமும் ‘ரிப்பேரோடு பெயின்டும் ஃப்ரீயா அடிச்சுத் தரேன்’ என்பார்கள். ஃப்ரீயாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இன்னொரு வகை ஆட்கள் இன்னும் மோசம். இன்ஜினை வாங்கி வைத்துக்கொண்டு எக்ஸ்04 மோட்டாரைக் கழற்றிவிட்டு, சீனப் பொம்மை கார் மோட்டார் ஒன்றைப் பசையால் ஒட்டிக் கொடுப்பார்கள். ஓடும். ராக்கெட் மாதிரி ஓடும், வளைவில் குப்புற விழும். உங்கள் நிஜ மோட்டார் வேறு யாருக்காவது போய்ச் சேர்ந்திருக்கும். கொடுத்தே ஆக வேண்டிய நிலைமை என்றால், மேல் கூட்டைத் திறந்து மோட்டாரைப் படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள். பழைய பாகங்கள் அத்தனையையும் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நேர்மையான ஆளிடமே ஒரு ஆபத்து உண்டு. ஃபேன் மோட்டார், மிக்ஸி மோட்டார் பார்த்துப் பழகியவர் இதையும் அப்படியே பிரித்துப் போடுவார். எக்ஸ்04-இல் ஒரு கட்டைக் காந்தம் இருக்கிறது. அது பழைய அல்னிகோ வகை. இரும்புத் துண்டுகளுக்கு நடுவிலிருந்து அதை வெளியே எடுத்தாலோ, ஆர்மேச்சரை உருவிப் போட்டாலோ, காந்த சக்தி இறங்கிவிடும். அப்புறம் காயில் புதிதாக இருந்தாலும் இன்ஜினுக்கு இழுவை வராது. சூடு மட்டும் வரும். மறுபடி ஏற்றத் தனிக் கருவி வேண்டும். சிலர் சின்ன நியோடிமியம் காந்தங்களை மாற்றாக வைக்கிறார்கள், அது வேலை செய்யும். ஆனால் கெடுத்துவிட்டு மாற்று தேடுவானேன்? காந்தத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தொடாதீர்கள், தொட விடாதீர்கள். அதே போல மிக்ஸி கார்பனை ராவி பிரஷ்ஷாக வைப்பதும் வேண்டாம். 230 வோல்ட்டுக்கான கார்பன் வேறு, 12 வோல்ட் மோட்டாருக்கான செம்பு கலந்த கார்பன் வேறு. வைத்தால் இன்ஜின் சோம்பேறியாகும், வைத்தவர் ‘காயில் வீக்’ என்று அடுத்த பில் போடுவார்.

புது பிரஷ் வேண்டும் என்றால் இங்கிலாந்திலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருக்கும். இங்கே நம் அரசாங்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பொம்மை இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். மலிவுச் சரக்கு கப்பல் கப்பலாக வந்து இறங்குவதைத் தடுக்கப் போட்ட விதி, சரி. ஆனால் ஒரு விதி போட்டால் அது யாரைப் பிடிக்க வேண்டும் என்றும் பார்க்க வேண்டாமா? 65 வயதுக்காரர் அப்பாவின் இன்ஜினுக்காக வரவழைக்கும் ஒரு கிராம் கார்பனும், ஒரு கன்டெய்னர் பொம்மையும் ஒரே பார்வையில் பார்க்கப்படுகின்றன. உறையில் ‘டாய் ட்ரெயின் பார்ட்ஸ்’ என்று இருந்தால் அவ்வளவுதான், யார் மேஜையில் எத்தனை நாள் தூங்கும் என்று தெரியாது. விற்பவரிடம் பொருளின் சரியான பெயரை எழுதச் சொல்லுங்கள்: சிறிய மோட்டாருக்கான கார்பன் பிரஷ், விலை இவ்வளவு. அது உண்மையும்கூட. முழு இன்ஜின், பெட்டி, தண்டவாளம் என்று ஒரே பார்சலில் போடச் சொல்லாதீர்கள். லண்டனிலிருந்து மாமா மகனோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ வருகிறார்கள் என்றால் அவர்கள் பர்ஸில் வந்துவிடும் சமாச்சாரம் இது. ‘கஸ்டம்ஸ்ல நமக்கு ஆள் இருக்கு, கிளியர் பண்ணித் தரேன்’ என்று சொல்லும் தரகரிடம் மட்டும் போகாதீர்கள்.

சரி, மூன்றாவது தண்டவாளம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நல்ல இன்ஜின்கள் சாவது பெரும்பாலும் இங்கேதான்.

நடுவில் தண்டவாளம் இருந்தால் ஏசி என்று ஒரு பேச்சு உலவுகிறது. பாதி உண்மை. ஜெர்மனியின் மார்க்லின் செட்கள் அப்படித்தான்: 16 வோல்ட் ஏசி, திசை மாற்ற 24 வோல்ட்டில் ஒரு தட்டு. அமெரிக்க லயனலும் ஏசிதான், ஆனால் அது உருவத்தில் பெரியது, பார்த்தாலே தெரியும். லிவர்பூலில் 1938-இல் வந்த ஹார்ன்பி டப்லோ விதிவிலக்கு. அதுவும் நடுத் தண்டவாளம் வைத்ததுதான், ஆனால் 12 வோல்ட் டிசி. மார்க்லினுக்கும் டப்லோவுக்கும் தண்டவாள இடைவெளி ஒரே 16.5 மில்லிமீட்டர். ஒன்றின் இன்ஜின் இன்னொன்றின் மேல் அழகாக உட்காரும். அங்கேதான் வில்லங்கம். மார்க்லின் இன்ஜினுக்குள் நிரந்தரக் காந்தம் கிடையாது, காயில்தான். அது டிசி கொடுத்தாலும் ஓடும். டப்லோவில் இருப்பது நிரந்தரக் காந்தம். அதற்கு ஏசி கொடுத்தால் உங்கள் ஜின்ட்டிக்கு நேர்ந்ததுதான் நேரும். சில நிமிடம் விட்டால் காயிலும் போகும், காந்தமும் தளரும். நம் மும்பையின் மின்சார லோக்கல் ரயிலே 1925 பிப்ரவரி 3-இல் தொடங்கியபோது 1500 வோல்ட் டிசி. ஹார்பர் லைனையும் 25,000 வோல்ட் ஏசிக்கு மாற்றி முடிக்க 2016 ஆனது. நடுவில் இரண்டு மின்சாரத்திலும் ஓடும் வண்டிகளைத் தனியாகச் செய்துதான் சமாளித்தார்கள். பொம்மைக்கு அப்படி யாரும் செய்து தரவில்லை.

உங்கள் பெட்டியில் உள்ளது எது என்று கண்டுபிடிக்கத் தண்டவாளத்தின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள், பெயர் அச்சாகியிருக்கும். மார்க்லின் என்றோ டப்லோ என்றோ எதுவாக இருந்தாலும் உங்கள் ஜின்ட்டிக்கு அது உதவாது. ஜின்ட்டி இரண்டு தண்டவாள இன்ஜின். இடது ஒரு முனை, வலது மறுமுனை. மூன்று தண்டவாள அமைப்பில் இடதும் வலதும் ஒன்றோடொன்று இணைந்தவை, நடுவில் இருப்பதுதான் எதிர் முனை. ஜின்ட்டியை அதில் வைத்தால் கெடாது, ஆனால் அசையாது. மாறாக, அந்தப் பெட்டியில் எங்காவது மூன்று தண்டவாள இன்ஜின் ஒன்று கிடந்து, அதை உங்கள் டிரை-ஆங் தண்டவாளத்தில் வைத்தால் முழு ஷார்ட். அதன் சக்கரமும் அச்சும் ஒரே உலோகம். இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். மூன்று தண்டவாளத் துண்டுகளையும் ‘வேஸ்ட்’ என்று சொல்லும் ஆளிடம் கொடுத்துவிடாதீர்கள், டப்லோவாக இருந்தால் தேடுகிற ஆட்கள் உண்டு.

இனி ஓட்டுவதற்கான மின்சாரம். புது ரயில் கன்ட்ரோலர்கள் கிடைக்கின்றன, விலை பிடித்தால் வாங்குங்கள். இல்லையென்றால் லாமிங்டன் ரோட்டில் 12 வோல்ட் 2 ஆம்பியர் டிசி அடாப்டர் ஒன்று, டிசி மோட்டார் ஸ்பீடு கன்ட்ரோலர் பலகை ஒன்று, முன்னும் பின்னும் மாற்ற ஆறு கால் உள்ள டாகிள் சுவிட்ச் ஒன்று. கடைக்காரர் ‘எதுக்கும் 5 ஆம்பியரா போட்டுக்குங்க, ஸ்ட்ராங்கா இருக்கும்’ என்பார். வேண்டாம். இன்ஜின் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும்; ஷார்ட் ஆனால் அந்த 5 ஆம்பியரும் உங்கள் பழைய வயரில் பாயும். எது வாங்கினாலும் தண்டவாளத்துக்குப் போகும் ஒரு வயரின் நடுவே கார் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை இணையுங்கள். இன்ஜின் சரியாக ஓடும்போது பல்பு எரியாது, எரிந்தாலும் மங்கலாக. முதல் தடவை ஓட்டும்போது பெட்டிகளை மாட்டாமல், பாதி வேகத்தில், ஒரு திசையில் 10 நிமிடம், மறு திசையில் 10 நிமிடம் விடுங்கள். நடுவில் மோட்டார் மேல் விரல் வையுங்கள்; கதகதப்பாக இருந்தால் பரவாயில்லை, விரல் வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்தி பிரஷ்ஷையும் எண்ணெயையும் பாருங்கள். பல்பு திடீரென்று பளிச்சென்று எரிந்தால் சுவிட்சை அணைத்துவிட்டுத் தண்டவாளத்தின் குறுக்கே ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த ஸ்பிரிங்கின் உறையைப் பாருங்கள்.